எவர் கையில் எந்தச் சாவி?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'தரவு மையங்களில் பயனர் அனுமதி முறை' என்பதாகும். இளங்கலையில் வரலாறு பயின்று, கல்வியியற் பட்டம் பெற்று, முப்பதாண்டுக் காலம் கரும்பலகையோடு வாழ்ந்த நமக்கு இத்தலைப்பை ஏன் அளித்தனர் என்று முதலில் வியப்புற்றோம். காரணம் கேட்டபொழுது, "பொறியியல் படித்தவரைப் பேசச் சொன்னால் பொறியியல் படித்தவர்க்கு மட்டுமே விளங்கும்; ஐயா பேசினால் பெற்றோருக்கும் விளங்கும்" என்றார் செயலாளர். இது புகழுரையா, வேறு ஏதேனுமா என்று ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம். நம்மிடம் பயின்று இன்று அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் உள்ள தரவு மையங்களில் பணிபுரியும் இளைஞர் நால்வர், விடுமுறை நாள்களில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தம் மடிக்கணிப்பொறியைத் திறந்து வைத்து நமக்குப் பாடம் நடத்தினர். ஆசிரியர் மாணவரான அவ்வகுப்புகளின் பயனே இவ்வுரை.

இப்பொருளை நம் பெற்றோர் ஏன் அறிய வேண்டும் என்று ஐயுறுவார் இருக்கலாம். தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டில் தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கடலடிக் கம்பிவடங்கள் பல சென்னைக் கரையை வந்தடைவதால் அந்நகரைச் சுற்றி இம்மையங்கள் பெருகி வருகின்றன. நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குச் செல்கின்றனர். பெரும்பாலோர் முதலில் இரவு முறைப் பணியாளராகவே நுழைகின்றனர். அவர்தம் கையில் தரப்படும் அனுமதி எத்தகையது, அதனால் அவர்க்கு வரும் வலிமை யாது, வரக்கூடிய பழி யாது என்பவற்றைப் பெற்றோரும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

தரவு மையம் என்பது சர்வர் எனப்படும் பெரிய கணிப்பொறிகள் இரும்புச் சட்டங்களில் அடுக்கி வைக்கப்பட்ட குளிரூட்டிய கட்டடம். வங்கிக் கணக்கும், இரயில் முன்பதிவும், மருத்துவமனைக் குறிப்பும் இத்தகைய கட்டடங்களிலேயே உறைகின்றன. முற்காலத்தில் ஒரு பணிக்கு ஒரு கணிப்பொறி என்ற முறை இருந்தது. அக்கணிப்பொறியோ பெரும்பாலான நேரம் வேலையின்றி வெறுமனே மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஒரே பொறியைப் பல பொறிகள் போல் இயங்கச் செய்யும் நுட்பமே இதற்குத் தீர்வாயிற்று. இதனை மெய்நிகராக்கம் என்பர். நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரே நீண்ட கூடத்தில் தட்டி மறைத்து மூன்று வகுப்புகள் நடத்துகிறோம் அன்றோ? அதனை ஒருவாறு ஒப்பு நோக்கலாம். ஆனால் நம் தட்டிக்கு அப்பால் நடக்கும் கணக்குப் பாடம் இப்பால் தமிழ் வகுப்பில் காதில் விழும். மெய்நிகர்ப் பொறியிலோ ஒவ்வொரு வகுப்பும் பள்ளிக் கட்டடம் முழுவதும் தனக்கே உரியது என்று எண்ணிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டியாக நின்று அனைத்தையும் பங்கிட்டுத் தரும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967ஆம் ஆண்டிலேயே சி.பி.-40 என்னும் அமைப்பில் இதனை நடைமுறைப்படுத்தினர், 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் விற்பனைக்கும் கொணர்ந்தனர். 1998இல் தோன்றிய விஎம்வேர் என்னும் அமெரிக்க நிறுவனம் இதனை எளிய விலைக் கணிப்பொறிகளிலும் இயலச் செய்தது. 2023 நவம்பரில் அந்நிறுவனத்தைப் பிராட்காம் நிறுவனம் வாங்கிவிட்டது. நம் மாணவர் நமக்குக் கற்பித்தது பெரும்பாலும் விஎம்வேரின் முறையே ஆதலின் இனிக் கூறுவன அதனைத் தழுவியவை.

மெய்நிகர்ப் பொறியைப் பற்றி நம் மனத்தில் ஆழப் பதிந்த செய்தி ஒன்று உண்டு. அப்பொறி உண்மையில் சில கோப்புகளின் தொகுதியே ஆகும். இரும்பாலான சர்வர் ஒன்றைக் களவாட வேண்டுமாயின் காவலரைக் கடந்து, திருகாணிகளைக் கழற்றி, தோளில் சுமந்து வெளியேற வேண்டும். மெய்நிகர்ப் பொறியைப் படியெடுக்கவோ அழிக்கவோ சில சொடுக்குகள் போதும். அவற்றையும் வேறு ஊரில் அமர்ந்துகொண்டே செய்யலாம்.

அவ்வாறு செய்தும் காட்டினார் ஒருவர். ஷியோனோகி என்னும் ஜப்பானிய மருந்து நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்தது. அங்குக் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றி, மேலாளரோடு பிணங்கி, 2010ஆம் ஆண்டில் விலகியவர் ஒருவர். விலகிய பின்னும் நிறுவனத்தின் பயனர் கணக்கு ஒன்றின் வழியாக அவரால் உட்புக முடிந்தது. தாமே முன்னர் மறைவாக நிறுவி வைத்திருந்த மேலாண்மை மென்பொருளை 2011 பிப்ரவரி 3ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் உணவகத்தின் பொது இணைய இணைப்பிலிருந்து இயக்கினார். 15 சர்வர்களில் இருந்த மெய்நிகர்ப் பொறிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். அவை 88 தனிச் சர்வர்களின் வேலையைச் செய்து வந்தவை. பல நாள் அந்நிறுவனத்தால் மருந்தை அனுப்பவோ, காசோலை எழுதவோ, மின்னஞ்சலில் பேசவோ இயலவில்லை. இழப்பு ஏறக்குறைய எட்டு இலட்சம் டாலர். அன்றைய நாள் அந்த உணவகத்தில் அவர் ஏதோ சிறு தின்பண்டத்திற்குத் தம் கடன் அட்டையில் பணம் செலுத்தியிருந்தமையால் அகப்பட்டார். நீதிமன்றம் 41 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்நிகழ்ச்சியில் பூட்டை உடைத்தவர் எவரும் இலர் என்பதை நோக்குக. சாவி இருந்தது, அதனைத் திரும்பப் பெறுவார் இல்லை. அவ்வளவே.

அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் மாறுதலாகிச் செல்லுங்கால் என்ன நடைபெறுகிறது? பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று எழுதப்படுகிறது. பீரோ சாவி இத்தனை, ஆய்வுக்கூடச் சாவி இத்தனை, நிலையிருப்புப் பதிவேடு, காசோலைப் புத்தகம், அதில் மீந்த தாள்கள் என்று எண்ணி எழுதி, தருபவரும் பெறுபவரும் கையொப்பமிடுகின்றனர். வங்கிக்குப் புதிய கையொப்ப மாதிரி அனுப்பப்படுகிறது. இப்பட்டியலை வெறும் காகிதச் சடங்கு என்று எள்ளும் இளம் ஆசிரியர்களை நாம் கண்டிருக்கிறோம். ஷியோனோகியின் கதையை அவர்களிடம் இனிக் கூறுவோம்.

நிற்க. அனுமதி முறை எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் காண்போம். மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்தால் ஓர் அனுமதி பிறக்கிறது. எவர்? எந்தப் பணிநிலையில்? எவ்விடத்தில்? 'எவர்' என்பது ஒரு பயனரோ பயனர் குழுவோ ஆகலாம். 'பணிநிலை' என்பது உரிமைகளின் கட்டு. ஒரு மெய்நிகர்ப் பொறியை இயக்குதல் ஓர் உரிமை; அணைத்தல் வேறோர் உரிமை; அதன் திரையைக் காணுதல் மற்றோர் உரிமை; அதன் அன்றைய நிலையைப் படமெடுத்தாற்போல் பதிந்து வைத்தல் இன்னோர் உரிமை. இவ்வாறு நுணுக்கமாகப் பிரித்த உரிமைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பொறியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கும், பொறியையே வட்டிலிருந்து அழிப்பதற்கும் தனித்தனி உரிமைகள் வைத்துள்ளமை கண்டு மகிழ்ந்தோம். நிலையிருப்புப் பதிவேட்டில் நாற்காலியின் பெயரை அடிப்பது ஒன்று, நாற்காலியை அடுப்பில் வைப்பது மற்றொன்று அன்றோ? பல நிறுவனங்களில் மனிதர் செய்யத் தவறும் வேறுபாட்டை இம்மென்பொருள் செய்து வைத்திருக்கிறது.

'எவ்விடத்தில்' என்னும் மூன்றாம் வினாவே மாணவர்களைக் குழப்புவது. தரவு மையத்தின் உடைமைகள் அனைத்தும் மரம் போன்று அடுக்கப்பட்டுள்ளன. மேலே மையம், அதன் கீழ்க் கோப்புறைகள், அவற்றின் கீழ்ப் பொறிகள். மேலே ஓரிடத்தில் அளித்த அனுமதி, கீழே பரவுமாறு குறித்திருந்தால், கிளை கிளையாக இறங்கி இலை வரை செல்லும். அங்ஙனம் இறங்கி வரும் அனுமதியினும் ஓரிடத்திலேயே நேரே தரப்பட்ட அனுமதி வலிமை உடையது. ஒருவருக்கு மையம் முழுதும் ஆளும் அதிகாரம் தந்து, சம்பளப் பட்டியல் உள்ள பொறியில் மட்டும் 'பார்க்கலாம், தொடலாகாது' என்று எழுதிவிட்டால், அப்பொறியில் அவர் பார்வையாளரே. ஒருவர் இரு குழுக்களில் இருந்து, இரு குழுக்களுக்கும் ஒரே இடத்தில் அனுமதி இருக்குமாயின் இரண்டின் உரிமைகளும் கூட்டிக் கிடைக்கும். அதே இடத்தில் அவர் பெயருக்கென்றே தனி அனுமதி எழுதப்பட்டிருக்குமாயின் குழு வழி வந்தவை பயனற்றுப் போகும்.

இவ்விதிகளை நம் மாணவர் ஒருவர் ஒப்பிப்பது போல் சொன்னார். உடனே நாம் ஒரு வினா விடுத்தோம்: "இருபது பேருக்கு இருபது பெயரில் அனுமதி எழுதலாமா, ஒரு குழுவுக்கு எழுதலாமா?" அவர் தயங்காமல், "குழுவுக்குத்தான் ஐயா. ஆள் மாறினால் குழுப் பட்டியலில் ஒரு பெயரை எடுத்து ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். பெயர் பெயராக எழுதினால் யாருக்கு எங்கே எது இருக்கிறது என்று ஓராண்டில் எவருக்கும் தெரியாது" என்றார். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெராயோலோ, கூன் என்னும் இருவர் 1992இல் எழுதிய கட்டுரையின் சாரம் ஏறத்தாழ இதுவே. உரிமை ஆளுக்கு உரியதாகாமல் அவர் வகிக்கும் பணிக்கு உரியதாக வேண்டும் என்று அவர்கள் முறைப்படுத்தினர். 2004இல் அது அமெரிக்க நாட்டுத் தரநிலையாகவும் ஆயிற்று. பள்ளியின் நீண்ட மணியை அடிக்கும் உரிமை அலுவலக உதவியாளர் பணிக்கு உரியது. அப்பணியில் இன்று இருப்பவர் முருகனா மேரியா என்பது வேறு செய்தி.

பெயரைப் பற்றிய விந்தையொன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். விஎம்வேரின் மேலாண்மை மென்பொருள், தன்னிடம் உள்ள பெயர்களை நிறுவனத்தின் பொதுப் பெயரேட்டோடு வழக்கமாக 24 மணி நேரத்திற்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கும். பெயரேட்டில் இல்லாதவரின் அனுமதிகளை நீக்கிவிடும். ஆனால் ஒருவர் பெயர் நீக்கப்பட்டு, அடுத்த ஒப்பீடு நிகழுமுன் அதே பெயரில் வேறொருவர் சேர்க்கப்பட்டுவிட்டால், பழையவரின் அனுமதிகள் யாவும் புதியவர்க்குச் சென்றுவிடும் என்று அம்மென்பொருளின் கையேடே எச்சரித்திருக்கிறது. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உடைய மூவர் ஒரு வகுப்பில் இருப்பதை வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் காணும் நமக்கு இது நகைப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தந்தது.

அதனினும் கொடியதொன்று 2024 சூலையில் வெளிப்பட்டது. ஹைப்பர்வைசர் இயங்கும் சர்வரை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெயரேட்டோடு இணைத்தால், அப்பெயரேட்டில் 'ஈ.எஸ்.எக்ஸ். அட்மின்ஸ்' என்னும் பெயருடைய குழு இருப்பின், அக்குழுவினர் அனைவருக்கும் முழு அதிகாரமும் தானே கிட்டும்படி அமைந்திருந்தது. அப்பெயரில் குழு எதுவும் இயல்பாக இருப்பதில்லை. ஆகவே பெயரேட்டில் புதுக்குழு உண்டாக்கும் அளவுக்கு நுழைந்துவிட்ட கொள்ளையர், அப்பெயரிலேயே ஒரு குழுவைத் தோற்றுவித்துத் தம்மை அதில் சேர்த்துக்கொண்டனர். சர்வர் அவர்களுக்குத் தலைவணங்கியது. உள்ளிருந்த பொறிகளையெல்லாம் மறைகுறியீட்டால் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். இதனை வெளியிட்டவர் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களே; மென்பொருளும் திருத்தப்பட்டது. குழுவை உண்டாக்கியவர் யார், அவர்க்கு அவ்வுரிமை உண்டா என்று கேளாமல், பெயரை மட்டும் பார்த்து வாயிலைத் திறந்துவிட்ட அமைப்பு அது. பெயரைப் பார்த்து வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இவ்வவையினர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அனுமதி பற்றிய சிந்தனைக்கு ஒரு வரலாறும் உண்டு. வரலாற்று ஆசிரியர் அதனை விட்டுவிடலாகாது. 1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறை தோன்றியது. ஒவ்வொருவர்க்கும் கடவுச்சொல் தந்தனர். 1966இல் ஒரு நாள், நுழைந்தவர் அனைவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரத் தொடங்கின. நிருவாகிகள் இருவர் ஒரே நேரத்தில், ஒருவர் வரவேற்புச் செய்தியையும் மற்றவர் கடவுச்சொற் பட்டியலையும் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்துமென்பொருள் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியமையால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் அமர்ந்தது. ஓரிடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்வார் என்று அதனை எழுதியவர்கள் எண்ணியிருந்தனர்.

அதே கழகத்தைச் சேர்ந்த சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இருவர் 1975இல் எழுதிய நெடுங்கட்டுரையில் எட்டு நெறிகளை வகுத்தனர். அரை நூற்றாண்டு கழிந்தும் அவற்றை எவரும் தள்ளவில்லை. எட்டையும் இங்கு அடுக்கினால் வகுப்பறை ஆகிவிடும். மூன்றினை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர்க்கு அவர் வேலைக்குத் தேவையான உரிமைக்கு மேல் ஓர் அணுவும் தரலாகாது என்பது ஒன்று. ஏதும் எழுதப்படாத இடத்தில் 'இல்லை' என்பதே விடையாதல் வேண்டும் என்பது மற்றொன்று. தடை செய்யப்பட்டவர் பட்டியல் வைப்பதைவிட அனுமதிக்கப்பட்டவர் பட்டியல் வைப்பதே பாதுகாப்பு, ஏனெனில் பட்டியலில் ஒரு பெயரை எழுத மறந்தால் முன்னதில் கள்வன் நுழைவான், பின்னதில் நல்லவர் ஒருவர் வந்து முறையிடுவார். மூன்றாவது, பெருஞ்செயலுக்கு இரு சாவி வேண்டும் என்பது.

இந்த மூன்றாவதை நம் நாட்டுக் கருவூலங்கள் நெடுங்காலமாக அறியும். இரட்டைப் பூட்டு அறையின் சாவிகள் இருவேறு பொறுப்பாளரிடம் இருக்கும். இருவரும் ஒருங்கே வந்தாலன்றிக் கதவு திறவாது. தரவு மையத்தில் இதற்கு ஒப்பாக ஓர் ஏற்பாடு 2016இல் வந்தது. மெய்நிகர்ப் பொறியின் கோப்புகளை மறைகுறியீடு செய்து வைக்கலாம். 'மறைகுறியீட்டு உரிமையற்ற நிருவாகி' என்னும் பணிநிலையும் உண்டு. அவர் பொறியை இயக்கலாம், அணைக்கலாம், இடம் மாற்றலாம். உள்ளடக்கத்தைத் திறந்து வெளியே எடுத்துச் செல்ல அவரால் ஆகாது. இஃது ஏன் தேவையாயிற்று? பொறி என்பது கோப்பு என்றோம். அக்கோப்பு உறையும் சேமிப்பகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை ஒருவர்க்கு இருக்குமாயின், அவர் பொறி முழுவதையும் படியெடுத்துத் தம் வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே எத்தனை கடவுச்சொல் வைத்திருந்தாலும் மறைகுறியீடு இல்லையேல் அவை காவலாகா. பூட்டிய பெட்டியைப் பெட்டியோடு தூக்கிச் சென்றாற்போல் என்க.

புதிதாக ஒரு மெய்நிகர்ப் பொறியை உண்டாக்குவதற்கும் ஒரே இடத்து அனுமதி போதாது. கோப்புறையில் பொறி உண்டாக்கும் உரிமை, சர்வரின் ஆற்றலில் பங்கு பெறும் உரிமை, சேமிப்பகத்தில் இடம் பிடிக்கும் உரிமை, வலையமைப்பில் இணைக்கும் உரிமை ஆகிய நான்கும் நான்கு இடங்களில் இருத்தல் வேண்டும். புதியவர்கள் முதலாவதைப் பெற்று, 'வேலை நடக்கவில்லையே' என்று மேலதிகாரியிடம் போய் நிற்பர். பொறுமையற்ற அதிகாரி என்ன செய்வார்? 'இந்தா, முழு அதிகாரத்தையே வைத்துக்கொள்' என்று தந்துவிடுவார். தீமை அங்கிருந்தே தொடங்குகிறது என்று நம் மாணவர் நால்வரும் ஒருமுகமாகக் கூறினர்.

இப்பொழுது, இவ்வுரையில் நாம் முதன்மையாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம்.

நம் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர் (அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டா) ஒரு தரவு மையத்தில் இரவுப் பணியில் சேர்ந்தார். தம் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் மனிதர். அந்நிறுவனத்தில் மூன்று முறைப் பணியாளரும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்னும் ஒரே கணக்கையே பயன்படுத்தினர். கடவுச்சொல் ஒரு தாளில் எழுதப்பட்டு மேசைக் கண்ணாடியின் அடியில் இருந்ததாம். ஒரு நாள் காலை 10 மணியளவில், வாடிக்கையாளர் ஒருவரின் மூன்று பொறிகள் காணப்படவில்லை. பதிவேட்டைப் புரட்டினர். நீக்கியவர் பெயர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்', நேரம் 1.30. நள்ளிரவு ஒன்றரை மணிக்குப் பணியில் இருந்தவர் யார்? நம் இளைஞரே. பணியில் சேர்ந்து நான்கு மாதம். கேட்பார் எவரும் இலர். மூன்று நாள் அறையில் அமர்த்தி வினவினர். அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டனர்.

நான்காம் நாள் அவரே ஒன்றைக் கவனித்தார். சர்வரின் பதிவேடு நம் நாட்டு நேரத்தைக் காட்டுவதில்லை. உலகப் பொது நேரத்தையே காட்டும். நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது என்பதை ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் நாம் நடத்தியிருக்கிறோம். பதிவேட்டின் 1.30 என்பது நம் கடிகாரத்தில் காலை 7 மணி. அன்று அவர் 6 மணிக்குப் பொறுப்பை ஒப்படைத்து, 6.20க்கு வாயிற் பதிவேட்டில் கையொப்பமிட்டு வெளியேறியிருந்தார். காவலாளியின் நீல நிற நோட்டுப் புத்தகம் அவரைக் காத்தது. இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமான மென்பொருள் காக்கவில்லை. பொறிகளை நீக்கியவர் எவர் என்பது இறுதிவரை தெரியவில்லை. அறுவர் ஒரு பெயரில் உலவினால் எவ்வாறு தெரியும்?

அனுமதியைக் குறுக்குவது என்றாலே பலருக்கும் அது நம்பிக்கையின்மை என்று தோன்றுகிறது, 'என்னை ஐயுறுகிறார்களா?' என்று மனம் நோகிறது. அந்நோக்கை மாற்றிக்கொள்ள வேண்டுகிறோம். மேலோர்க்கு வழக்குரைஞர் உண்டு, பழக்கம் உண்டு, பரிந்து பேச ஆள் உண்டு. கடைநிலையில் நுழையும் நம் பிள்ளைக்கு அவர் பெயரில் உள்ள தனிக் கணக்கும், அதன் கீழ் எழுதப்படும் பதிவுமே சாட்சி. நீக்கும் உரிமை தமக்கு இல்லை என்று ஏட்டில் இருந்திருந்தால் அவ்விளைஞரை ஒரு நாழிகையும் அறையில் வைத்திருக்க முடியாது. ஆதலின் தமக்கு வேலை தரும் இடத்தில் முதல் நாளே, "ஐயா, என் பெயரில் தனிக் கணக்கு வேண்டும், பொதுக் கடவுச்சொல் எனக்கு வேண்டா" என்று பணிவாகவும் உறுதியாகவும் கேட்கப் பழகுமாறு நம் இளைஞர்க்குச் சொல்லி வருகிறோம். வாய்மொழியாக மறுத்தால் மின்னஞ்சலில் எழுதிக் கேட்க வேண்டும். எழுதிய கடிதத்தின் படியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசுப் பணியாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தனியார் நிறுவனத்தில் சேருவோர்க்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

நிருவாகப் பொறுப்புக்கு உயர்ந்துவிட்ட நம் மாணவர்க்கும் ஒரு சொல். முழு அதிகாரக் கணக்கை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தற்க. அதனை உறையிலிட்டு முத்திரையிட்டு வைத்து, பேரிடர்க் காலத்தில் மட்டும் பிரித்து, பிரித்த நாளையும் நேரத்தையும் எழுதுக. மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் எவர்க்கு எது உண்டு என்னும் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்து, 'இவர் இன்னும் இங்கே உளரா? இவர்க்கு இது இன்னும் வேண்டுமா?' என்று வினவுக. சலிப்பூட்டும் வேலைதான், ஆண்டாய்வுக்கு முன் நிலையிருப்பைச் சரிபார்ப்பதும் சலிப்பூட்டுவதே.

மாற்றுப் படிகளை வைத்திருக்கும் இடத்தின் சாவி வேறோர் ஆளிடம், வேறொரு கணக்கில் இருத்தல் வேண்டும். கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனம் பிறர் எழுதும் நிரல்களைக் காத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டது. 2014 சூனில் அதன் மேகக் கணிப்பொறி மேலாண்மைக் கணக்கிற்குள் ஒருவன் புகுந்து பணம் கேட்டான். கடவுச்சொற்களை மாற்றி அவனை வெளியேற்ற முயன்றபொழுது, அவன் முன்கூட்டியே தனக்கென உண்டாக்கி வைத்திருந்த வேறு கணக்குகளின் வழியே வந்து, பொறிகளையும் மாற்றுப் படிகளையும் அழிக்கலானான். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பெரும்பகுதி போயிற்று. அந்நிறுவனம் அதன்பின் எழவேயில்லை. மாற்றுப் படி இருந்தது. ஆயினும் மூலமும் படியும் ஒரே சாவிக்குத் திறந்தன.

இவற்றையெல்லாம் கேட்டறிந்தால் போதாது, கையால் செய்து பார்த்தல் வேண்டும். விஎம்வேரின் மென்பொருள் விலை மிக்கது. ஆயின் பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருள் ஒன்று 2008 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதிலும் பயனர், குழு, பணிநிலை, இடம் என்னும் அதே அமைப்பே உள்ளது. சங்க நூலகத்தின் பின்னறையில் உள்ள கணிப்பொறிகளில் ஒன்றில் நம் மாணவர் அதனை நிறுவித் தந்துள்ளனர். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் காலை 10 மணிக்கு வகுப்பு நடைபெறும். முதல் நாள் பயிற்சி எளியது: இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் நிருவாகியாகி மற்றவர்க்குப் பார்வையாளர் பணிநிலை மட்டும் தர வேண்டும்; பார்வையாளர் பொறியை அணைக்க முயன்று, தடுக்கப்படுவதைக் காண வேண்டும்; பின்னர்ப் பதிவேட்டைத் திறந்து, இருவர் செயலும் எவ்வெப் பெயரில், எந்த நேரத்தில் எழுதப்பட்டுள்ளன என்று குறிப்பேட்டில் எழுதி, ஐந்தரை மணி வேறுபாடு உண்டா இல்லையா என்பதையும் நோக்க வேண்டும். சேர விரும்புவோர் நூலகரிடம் பெயரைப் பதிவு செய்க. ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு உண்டு. அண்ணன் கணக்கில் தம்பி நுழைதல் ஆகாது.